குழந்தைக்கு மறுபரிசோதனை எதற்காக?

பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த இரத்தத்துளியைச் சோதித்தபின், “ஒரு ஹார்மோன் கூடுதலாக உள்ளது, மறுபரிசோதனை தேவை” என்று நாங்கள் கூறும்போது பெற்றோர் கலங்குவது இயல்பே. அதன் காரணத்தை இங்கு விளக்குகிறோம்.

அந்த ஹார்மோன் 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன். சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் இதிலிருந்தே கார்டிசோலை உருவாக்குகின்றன. அதற்குரிய நொதி பிறவியிலேயே குறைந்தால் கார்டிசோல் குறையும், இப்பொருள் தேங்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் நடத்திய ஆய்வில் 5,762 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவிலும், சென்னையில் 2,036-க்கு ஒருவர் என்ற அளவிலும் இக்குறைபாடு காணப்பட்டது. தாய், தந்தை இருவர் வழியாகவும் குறையுள்ள மரபணு வந்தால் இது தோன்றும். எனவே, நெருங்கிய உறவில் மணந்தோரின் குழந்தைகளுக்கு வாய்ப்பு கூடுதல்.

ஸ்டீராய்டு ஹார்மோன்கள் உருவில் ஒன்றையொன்று ஒத்தவை. முதற்சோதனை சில வேளைகளில் ஒன்றை மற்றொன்றாகக் கணக்கிட்டுவிடும். குறைமாதக் குழந்தைகளிடம் இது அதிகம் நேர்கிறது.

இங்குதான் குரோமட்டோகிராபி எனும் வண்ணப்பிரிகை முறை உதவுகிறது. போடிநாயக்கனூரில் ஏலக்காயைச் சல்லடையிட்டுத் தரம் பிரிப்பதை அறிவீர்கள். அங்கே பருமன் பிரிக்கிறது. இங்கே ஒட்டும் தன்மை பிரிக்கிறது. நுண்துகள்கள் நிரம்பிய குழாயில் இரத்தச் சாற்றைச் செலுத்தினால், துகள்களோடு அதிகம் ஒட்டும் ஹார்மோன் பிந்தியும், குறைவாக ஒட்டுவது முந்தியும் வெளிவரும். அடுத்துள்ள கருவி ஒவ்வொன்றையும் அதன் நிறையைக் கொண்டு அடையாளம் கண்டு அளக்கும். கார்டிசோல் குறைந்து, மற்றவை மிகுந்திருந்தால் ஐயம் வலுப்படும்.

இக்கருவி எல்லா ஊர்களிலும் இல்லை. தாளில் உலர்த்திய இரத்தத்துளியைப் பெருநகர ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு பெறச் சில நாள்கள் ஆகலாம். அந்நாள்களில் விழிப்புடன் இருங்கள். நோய் கடுமையாக இருந்தால், பிறந்த முதல் சில வாரங்களிலேயே உடலிலிருந்து உப்பு வெளியேறி உயிருக்கு ஆபத்து நேரலாம். பெண் குழந்தையின் பிறப்புறுப்பில் மாற்றம் தெரியக்கூடும். ஆண் குழந்தையிடம் பெரும்பாலும் வெளிப்படையான அடையாளம் இராது.

குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, சோர்ந்து எடை குறைந்தாலோ அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டா. கூடலூர், கம்பம், சின்னமனூர் என எங்கிருந்தாலும் 108-ஐ அழைத்து, குழந்தை மருத்துவர் உள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். முதற்சோதனையின் முடிவையும் அங்கே தெரிவியுங்கள்.

நோய் உறுதியானாலும் மனம் தளர வேண்டா. குறையும் ஹார்மோனை நாள்தோறும் மருந்தாக அளித்தால் குழந்தை நலமாக வளரும். மருத்துவரைக் கேளாமல் அம்மருந்தை ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.