அப்டேட் ஆனது மெயில்... காணாமல் போனது தேடல்!

ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து போன் வருகிறது. “மூன்று வருஷத்துக்கு முன்னால் வாங்கிய மெஷினுக்கு பில் வேண்டும் சார், நோட்டீஸுக்குப் பதில் போடணும்.” பில் மெயிலில்தான் வந்தது, கணக்கருக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. பில் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 4517 என்பதும் மறக்கவில்லை. தேடல் பெட்டியில் 4517 என்று தட்டுகிறார். எதுவும் இல்லை என்கிறது திரை. போன மாதம் வரை இதே நான்கு எண்ணைத் தட்டினால் அந்த மெயில் வந்து நிற்கும். நடுவில் நடந்தது ஒன்றுதான்: மெயில் மென்பொருள் புதிய பதிப்புக்கு மாறியிருக்கிறது.

சிறு கம்பெனிகளிலும் வக்கீல் அலுவலகங்களிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் இப்படி முழிப்பவர்கள் நிறையப் பேர். டிக்கெட், இன்சூரன்ஸ் பாலிசி, பள்ளிக் கட்டண ரசீது, வேலைக்கான உத்தரவு என்று வாழ்க்கையின் முக்கியக் காகிதங்கள் எல்லாம் இன்று மெயிலில்தான் கிடக்கின்றன. தேடினால் அகப்படாத மெயில், இருந்தும் இல்லாததற்குச் சமம். அதனால் தேடும் வசதியில் கை வைக்கும் ஒரு அப்டேட்டை வெறும் தோற்ற மாற்றமாக எடுத்துக்கொள்ளவே முடியாது.

ஒரு சாய்கோட்டில் இருக்கிறது விஷயம்

பழைய மெயில் மென்பொருள்கள் தேடிய விதம் எளிமையானது. ஒவ்வொரு மெயிலையும் திறந்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கும். நேரம் பிடிக்கும். ஆனால் கேட்ட எழுத்துகள் சொல்லின் தலையில் இருந்தாலும், நடுவில் இருந்தாலும், வாலில் இருந்தாலும் பிடித்துவிடும்.

2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தது. ஹாட்மெயில் 2 எம்பி இடம் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் அது 1 ஜிபி கொடுத்தது. மெயிலை அழிக்கவோ, தனித்தனி ஃபோல்டரில் அடுக்கவோ தேவையில்லை, வேண்டியபோது தேடிக்கொள்ளலாம் என்ற பழக்கம் அதோடு பரவியது. மெயில் பெட்டிகள் பெருத்தன. எழுத்து எழுத்தாகத் தேடினால் கட்டுப்படியாகாது என்ற நிலை வந்தபோது, பெரும்பாலான மென்பொருள்கள் அடைவு முறைக்கு மாறின.

பெரிய புத்தகங்களின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அதே ஏற்பாடுதான். மெயில் வந்ததும் மென்பொருள் அதைச் சொல் சொல்லாகப் பிரித்து, எந்தச் சொல் எந்த மெயிலில் இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்கிறது. தேடும்போது அந்தக் குறிப்பை மட்டும் பார்க்கிறது. லட்சம் மெயில் இருந்தாலும் கண் சிமிட்டும் நேரத்தில் விடை வருகிறது.

சிக்கல், எது ஒரு சொல் என்பதில் இருக்கிறது. இடைவெளியையும் நிறுத்தக்குறிகளையும் வைத்தே மென்பொருள் சொல்லைப் பிரிக்கிறது. பில் எண் ‘பில்/2022/4517’ என்று சாய்கோடு போட்டு இருந்தால் 4517 தனிச் சொல்லாகப் பதிவாகும், தேடினால் வரும். அதே எண் ‘பில்20224517’ என்று ஒட்டி இருந்தால் மொத்தமும் ஒரே சொல். பெரும்பாலான அடைவுகள் சொல்லைத் தொடக்கத்திலிருந்துதான் ஒப்பிடும். 4517 வாலில் இருப்பதால் கிடைக்காது. மெயில் இருக்குமா, இல்லாமல் போகுமா என்பதை ஒரே ஒரு சாய்கோடு முடிவு செய்துவிடுகிறது!

தமிழில் மெயில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. ‘சொத்து வரி’ என்று இடம் விட்டு எழுதிய மெயில், ‘வரி’ என்று தேடினால் வரும். ‘சொத்துவரி’ என்று சேர்த்து எழுதியிருந்தால் வராது. ‘மரம்’ என்று தட்டினால் ‘மரத்தை’, ‘மரங்கள்’ என்று எழுதியவை தப்பிவிடும். எழுத்து எழுத்தாகத் தேடிய பழைய முறையில் ‘மர’ என்று இரண்டு எழுத்து தட்டினால் போதும், அத்தனையும் வந்துவிடும்.

லுக்அவுட் வந்ததும் போனதும்

மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக்கில் தேடல் ஆமை வேகத்தில் நகர்ந்த காலத்தில், லுக்அவுட் என்ற சின்னஞ்சிறு செருகுநிரல் வெளிவந்தது. மைக் பெல்ஷியும் எரிக் ஹானும் தொடங்கிய சிறு நிறுவனத்தின் படைப்பு. அவுட்லுக்குக்குள்ளேயே ஒரு பெட்டியாக உட்கார்ந்துகொண்டு, கேட்டதை நொடியில் கொண்டுவந்து கொடுத்தது. பயனர்கள் கொண்டாடினார்கள். 2004 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தையே வாங்கியது.

அடுத்து வந்த அவுட்லுக் 2007-இல் உடனடித் தேடல் உள்ளேயே சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால் அது விண்டோஸின் தேடல் சேவையை நம்பி இயங்குவது. எக்ஸ்பி வைத்திருந்தவர்கள் அந்தச் சேவையைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. பழகிய லுக்அவுட்டோ புதிய பதிப்பில் வேலை செய்யவில்லை. கைக்கு அடக்கமான ஒரு கருவியை இழந்து, கணினி முழுவதற்குமான பெரிய ஏற்பாடு ஒன்றைப் பயனர்கள் சுமக்க வேண்டிவந்தது.

தண்டர்பேர்ட்: குரல் எடுபட்ட இடம்

மொஸில்லாவின் இலவச மென்பொருளான தண்டர்பேர்டில் நடந்தது நமக்கு நம்பிக்கை தருகிற கதை. அதன் 2-ஆம் பதிப்பில், மெயில் பட்டியலுக்கு மேலே ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் இரண்டு எழுத்து தட்டும்போதே கீழே பட்டியல் சுருங்கும். பொருள், அனுப்பியவர் பெயர் எதில் அந்த எழுத்துகள் இருந்தாலும் அந்த மெயில் மட்டும் நிற்கும்.

2009 டிசம்பரில் 3-ஆம் பதிப்பு வெளிவந்தது. அந்த இடத்தில் எல்லாக் கணக்குகளையும் ஒரே நேரத்தில் துழாவும் பொதுத்தேடல் அமர்ந்தது. முடிவுகள் தனி டேபில் திறந்தன. பெரிய முயற்சிதான், மறுக்க முடியாது. ஆனால் அதுவும் அடைவை நம்பிய தேடல். முழுச் சொல்லாக இருந்தால்தான் பிடிக்கும். பழைய வடிகட்டும் வசதி, பெட்டியின் கீழிறங்கு பட்டியலுக்குள் ஒளிந்துகொண்டது. அதோடு, புதிய பதிப்பை நிறுவியதும் பழைய மெயில்களை எல்லாம் அடைவில் ஏற்றும் வேலை பின்னணியில் ஓடி, கணினியைத் திணறடித்தது.

பயனர்கள் பழைய வசதியைக் கேட்டார்கள். 2010 ஜூனில் வந்த 3.1 பதிப்பில் விரைவு வடிகட்டிக்குத் தனிப் பட்டையே கிடைத்தது. பொதுத்தேடலும் கூடவே இருந்தது. இன்றும் கண்ட்ரோல், ஷிஃப்ட், கே ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் அந்தப் பட்டைக்குப் போகலாம். அனுப்பியவர், பெறுநர், பொருள், உள்ளடக்கம் என்று எதில் தேட வேண்டும் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். 4517 என்று தட்டினால், அது சொல்லின் வாலில் இருந்தாலும் அகப்படும். புதியதும் பழையதும் பக்கத்துப் பக்கத்தில் வாழ முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

கதை இத்தோடு முடிந்துவிடவில்லை. விண்டோஸில் இருந்த மெயில் செயலிக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31 அன்று நின்றது. அதன் இடத்துக்கு வந்த புதிய அவுட்லுக், ஆண்டுக்கணக்கான மெயில்களை அலுவலகங்கள் சேர்த்து வைத்திருக்கும் பிஎஸ்டி கோப்புகளைத் திறக்கும் வசதி இல்லாமலேயே அறிமுகமானது. அந்த வசதி பிறகுதான் படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. திறக்க முடியாத கோப்பில் எதைத் தேடுவது?

அப்டேட் பொத்தானைத் தொடும் முன்

சில முன்னெச்சரிக்கைகள் கைகொடுக்கும்.

* பிஎஸ்டி கோப்பு, தண்டர்பேர்டின் புரொஃபைல் ஃபோல்டர் போன்றவற்றை வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்துவிட்டு அப்டேட் செய்யுங்கள்.

* அடிக்கடி தேடும் நாலைந்து விஷயங்களைப் பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் தேடி ஒப்பிடுங்கள். எண்ணின் ஒரு பகுதி, ஒட்டி எழுதிய தமிழ்ச் சொல் இரண்டும் அதில் கட்டாயம் இருக்கட்டும்.

* பழைய அவுட்லுக்கில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் அழுத்தினால் விரிவான தேடல் சாளரம் திறக்கும். மேலே உள்ள பெட்டியில் அகப்படாததை இங்கே தேடிப் பாருங்கள்.

* தண்டர்பேர்டில் ஒவ்வொரு ஃபோல்டரும் வழக்கமாக ஓர் எளிய உரைக் கோப்பாகவே சேமிக்கப்படுகிறது. அவசரத்துக்கு அதன் நகலை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தும் தேடலாம். தமிழ் மெயில்கள் பெரும்பாலும் குறியாக்கம் செய்யப்பட்டே இருக்கும் என்பதால், அவற்றுக்கு இந்த வழி உதவாது.

* நீங்கள் மெயில் அனுப்பும்போது பில் எண்ணைப் பொருள் வரியில் இடைவெளி விட்டு எழுதுங்கள். பெறுகிறவர் நாளைக்கு உங்களை வாழ்த்துவார்.

* ஒரு வசதி காணாமல் போனால், எதைத் தட்டினீர்கள், முன்பு என்ன வந்தது, இப்போது என்ன வருகிறது என்று தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். தண்டர்பேர்ட் ஏறக்குறைய அரையாண்டில் திருத்திக்கொண்டது பயனர்கள் வாய் திறந்ததால்தான்.

மென்பொருள் எழுதும் கைகளுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து உலகத்துக்கே செயலி செய்து அனுப்புகிறவர்கள் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய தேடலைக் கொண்டுவாருங்கள், வரவேற்கிறோம். ஆனால் எழுத்து எழுத்தாகத் தேடும் பழைய வழியையும் ஒரு மூலையில் விட்டு வையுங்கள். அதற்கு நேரம் பிடிக்கும் என்றால் காத்திருக்க நாங்கள் தயார். இருக்கிற மெயிலை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.