கலைக்களஞ்சியக் கட்டுரைகளைச் செம்மையாக்குதல்: கொல்லிமலையை முன்வைத்து

முன்னுரை

தமிழில் நோக்கு நூலாக்கம் நெடிய மரபுடையது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் வெளிவந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. 2003இல் தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியாவில் எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். எழுதுவோர் பெருகுந்தோறும் செம்மையாக்குவோர் பொறுப்பும் கூடுகிறது.

தெளிவு, சுருக்கம், நடுநிலை ஆகிய மூன்றும் செம்மையாக்கத்தின் நோக்கங்கள். இவை தம்முள் முரணும் இடமும் உண்டு. அவ்விடத்துக் காக்கப்பட வேண்டியது எது என்பதை, நாமக்கல் மாவட்டக் கொல்லிமலை குறித்து எழுதப்படும் தொடர்வகைகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சுருக்கமும் சான்றும்

"மாவீரன் வல்வில் ஓரி ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தினான் என்பது யாவரும் அறிந்ததே" என ஒரு தொடரை அமைத்துக்கொள்ளலாம். 'யாவரும் அறிந்ததே' என்பதை நீக்கினால் தொடர் சுருங்கும். ஆயினும் நடுநிலை அமையாது. இச்செய்தி வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாடல் வழிப்பட்டது. எனவே, "ஓரியின் ஓரம்பு ஐந்து விலங்குகளை வீழ்த்தியதாக வன்பரணர் பாடுகிறார் (புறம். 152)" என்பதே பொருந்தும். இதில் 'மாவீரன்' என்னும் மதிப்பீடு நீங்குகிறது, சான்று சேர்கிறது. ஓரியைக் காரி கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்த செய்திக்கும் கல்லாடனாரின் அகநானூற்று 209ஆம் பாடலைச் சுட்டுதல் வேண்டும்.

காலங்களை இணைக்கும் சொற்கள்

குறுந்தொகை 89, 100ஆம் பாடல்களில் கொல்லிப்பாவை தலைவியின் அழகுக்கு உவமையாகிறது. இன்று மலைமீதுள்ள எட்டுக்கை அம்மனைக் கொல்லிப்பாவையாகக் கருதி மக்கள் வழிபடுகின்றனர். இவ்விரண்டும் தனித்தனியே மெய்யான செய்திகள். இவற்றை 'அன்றுமுதல் இன்றுவரை' என்னும் தொடரால் இணைத்தால், இடையறாத வழிபாட்டு வரலாறு ஒன்று சான்றின்றி உருவாகிவிடும். இரண்டு தொடர்களாக விடுவதே முறை. 'நம்பப்படுகிறது' என்னும் செயப்பாட்டு வினையும் ஐயத்திற்கு இடந்தருவது. நம்புவோர் யாரென்பதை அது மறைக்கிறது.

மக்களைக் குறிக்கும் சொற்கள்

கொல்லிமலையில் வாழும் பழங்குடியினர் 'மலையாளி' எனப்படுகின்றனர். விளக்கமின்றி இச்சொல்லை எழுதினால் கேரள மக்களோடு மயங்க நேரும். 'தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினர்' என முதற்குறிப்பிலேயே எழுதுவதால் சொற்கள் கூடினும் தெளிவு பிறக்கிறது. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தோர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுப்பில் இதனைப் பதிவு செய்துள்ளார். இது வாய்மொழி மரபு என்னும் குறிப்பை நீக்கினால் மரபு வரலாறாகிவிடும்.

'பழமை மாறாத', 'வெளியுலகம் அறியாத' போன்ற அடைமொழிகள் மலைக்கு வெளியே நின்று நோக்குவோரின் மதிப்பீடுகளே. சாமை, கேழ்வரகோடு மரவள்ளி, மிளகு, காப்பி ஆகியனவும் அங்கு விளைகின்றன. எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கொண்ட சாலை மலையைச் சமவெளியோடு இணைக்கிறது. அடைமொழியை நீக்கி, அவ்விடத்தில் இத்தகைய சரிபார்க்கத்தக்க செய்தியை வைத்தல் வேண்டும். அம்மலையில் பிறந்த மாணவர் தம் ஊரைப் பற்றித் தேடும்போது முதலில் காண்பது இக்கட்டுரையாகவே இருக்கக்கூடும்.

முடிவுரை

செம்மையாக்குவோர் முதலில் மதிப்பீட்டுச் சொற்களையும், அடுத்துக் கூறியது கூறலையும், பின்னர் 'குறிப்பிடத்தக்கது', 'மிகையாகாது' போன்ற வெற்று முடிப்புகளையும் நீக்கலாம். 'பாடுகிறார்', 'என்பது அவர்தம் மரபு' போன்ற சான்றுணர்த்தும் சொற்கள் இறுதிவரை நிற்றல் வேண்டும். நோக்கு நூலின் ஒரு தொடர் பாடநூலுக்கும், அங்கிருந்து ஆய்வேட்டிற்கும் செல்லக்கூடியது. தொடக்கத்தில் நீக்கப்பட்ட 'என்பர்' என்னும் ஒரு சொல்லை அதன்பின் மீட்டல் அரிது. ஆகவே, சுருக்கமும் சான்றும் முரணுமிடத்துச் சான்றைக் காப்பதே செம்மையாக்கத்தின் முதற்கடன் ஆகும்.