வீட்டு வாசலில் என்ஜின் மாற்றலாமா?

பட்டுச் சேலைக்குப் பேர் போன ஊர் ஆரணி. அங்கே தறியில் ஒரு பாவு தீர்ந்து போனால் என்ன செய்கிறார்கள்? பழைய பாவை அடியோடு எடுத்து எறிவதில்லை. அதன் நுனியைத் தறியிலேயே விட்டு வைக்கிறார்கள். புதுப் பாவின் இழைகளை அந்த நுனியோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகள்! ஓர் இழை இடம் மாறினாலும் சேலையில் தெரிந்துவிடும்.

மோட்டார் காரின் என்ஜினை மாற்றுவதும் ஏறக்குறைய இதே வேலைதான். கழற்றுவது சுலபம். இணைப்பதில்தான் இருக்கிறது சூட்சுமம்!

சில வீட்டு வாசலில் அப்பா காலத்து அம்பாசிடர் நிற்கும். என்ஜின் புகை கக்கும். எண்ணெய் குடிக்கும். காரை விற்கவோ மனம் வராது. "நாமே வேறு என்ஜினை மாட்டிவிட்டால் என்ன?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். மாட்டலாம். ஆனால் முதல் தடவை என்றால், விவரம் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஜி.டி.நாயுடு செய்த காரியம்

கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடுவைத் தெரியாதவர் உண்டா? 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்துச் சொக்கிப் போனார். ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கி ஊரைச் சுற்றினாரா? இல்லை. அக்கக்காகப் பிரித்தார்! பிறகு பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். பிரித்ததைப் பூட்டத் தெரிந்தவர் அவர். அதுதான் விஷயம்.

எந்த என்ஜின்?

அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. ஆகவே பழைய என்ஜின்தான் கிடைக்கும். சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். ரசீது இல்லாமல் வாங்கவே கூடாது. திருட்டு என்ஜினாக இருந்தால் வாங்கியவர் பாடு திண்டாட்டம்தான்.

ஒரு காலத்தில் பெட்ரோல் காரில் டீசல் என்ஜினை மாட்டி ஓட்டியவர்கள் ஏராளம். இப்போது அப்படி இஷ்டம் போல் மாற்ற முடியாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. அதே ரக என்ஜினை மாட்டினாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி கேட்டு, புது நம்பரை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். நம்பர் ஒத்துப் போகாவிட்டால், விபத்துக் காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கக் கூடும்.

ஜாக்கிரதை! ஜாக்கிரதை!

முதலில் பாட்டரியின் எர்த் கம்பியைக் கழற்ற வேண்டும். பிறகு தண்ணீரையும் எண்ணெயையும் வடிக்க வேண்டும். பெட்ரோல் குழாயை அடைக்க வேண்டும். பக்கத்தில் அடுப்பு, பீடி, சிகரெட் கூடவே கூடாது. பெட்ரோல் தீக்குத் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். ஒரு வாளி மணல் கையருகே இருக்கட்டும்.

கழற்றும் ஒவ்வொரு கம்பிக்கும் குழாய்க்கும் அடையாளம் வேண்டும். ஆரணியில் கழிவுப் பட்டு நூலுக்கா பஞ்சம்? கம்பியில் சிவப்பு நூல் கட்டினால், அது சேர வேண்டிய இடத்திலும் சிவப்பு நூல். அடுத்ததற்குப் பச்சை. (பூட்டி முடித்ததும் நூலை எல்லாம் எடுத்துவிட வேண்டும். சூட்டில் கருகும்!)

என்ஜின் இரண்டு மூட்டை நெல் கனம் இருக்கும். வீட்டு உத்தரத்தில் கயிறு கட்டித் தூக்கினால் உத்தரமே கீழே வந்துவிடும். பலமான இரும்பு முக்காலியும் சங்கிலிக் கப்பியும் வாடகைக்கு எடுக்க வேண்டும். என்ஜின் தொங்கும்போது அதன் அடியில் யாரும் கை கால் நீட்டக் கூடாது. குழந்தைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவது உத்தமம்.

புது என்ஜினை இறக்கும்போது அவசரம் ஆகாது. கியர் பெட்டியின் தண்டு, கிளச் தட்டின் நடுத்துவாரத்தில் நேராக நுழைய வேண்டும். நுழையவில்லை என்று போல்ட்டை முறுக்கி இழுத்தால் கிளச் தட்டு பாழ்.

என்ஜினையும் கார் உடலையும் சேர்க்கும் எர்த் பட்டை ஒன்று உண்டு. பலர் மறப்பது இதைத்தான். மறந்தால் என்ன ஆகும்? ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் வேறு வழி தேடும். மெல்லிய சோக் கம்பி வழியாகப் பாயும். கம்பி கொதித்துப் புகையும்! 'புது என்ஜின் தகராறு' என்று விற்றவரோடு சண்டைக்குப் போவார்கள். குற்றம் ஒரு சாண் பட்டையில் இருக்கும்.

எண்ணெய், தண்ணீர் ஊற்றிய பிறகு பிளக்குகளைக் கழற்றி, என்ஜினைச் சற்று நேரம் சுற்றவிட வேண்டும். எண்ணெய் எங்கும் ஏறும். பிறகு பிளக் கம்பிகளை 1, 3, 4, 2 என்ற வரிசையில் வெடிக்கும்படி மாட்டிக் கிளப்பலாம்.

முதல் நாள் ஊருக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கவும். வண்டியை நிறுத்தி, அடியில் எண்ணெய் சொட்டுகிறதா என்று குனிந்து பார்க்கவும். போல்ட்டுகளை மறுபடி முடுக்கவும். வேலூருக்கு மறுநாள் போகலாம்.