கிராண்ட் கேன்யனில் ஓர் இரவு: காரை எங்கே விடுவது?

மலையேற்றம் என்றால் முதலில் ஏறுவோம், பிறகு இறங்குவோம். அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் கிராண்ட் கேன்யனில் எல்லாமே தலைகீழ். முதல் நாள் பள்ளத்தாக்குக்குள் இறங்கி, கூடாரத்தில் தூங்கி, வலிக்கும் கால்களோடு மறுநாள் ஏற வேண்டும். அதனால், காரை எங்கே விடுகிறோம் என்பது அங்கே சின்ன விஷயம் இல்லை.

தெற்கு விளிம்பிலிருந்து கிளம்புபவர்களில் பலர், சவுத் கைபாப் பாதையில் இறங்கி பிரைட் ஏஞ்சல் பாதையில் ஏறுகிறார்கள். சவுத் கைபாப் செங்குத்தானது. கீழே முகாம் வரை சுமார் 11 கி.மீ. தூரத்துக்கு வழியில் குடிநீரே கிடையாது, நிழலும் அபூர்வம். பிரைட் ஏஞ்சல் 15 கி.மீ. என்றாலும் இடையில் ஓய்விடங்களும் தண்ணீர்க் குழாய்களும் உண்டு. குழாய் உடைந்து தண்ணீர் வராத நாள்களும் உண்டு என்பதால், கிளம்பும் முன் விசாரிப்பது அவசியம்.

சிக்கல் இங்கேதான். சவுத் கைபாப் பாதை தொடங்கும் இடத்துக்கு வருடம் முழுக்க சொந்தக் காரில் போக முடியாது. பூங்காவின் இலவச பஸ்ஸில்தான் போக வேண்டும். அப்படியே பக்கத்தில் எங்காவது காரை விட்டாலும், மறுநாள் ஏறி வந்து சேர்வது வேறொரு இடத்தில்!

எனவே ஏறி வரும் பக்கமே காரை விடுவது புத்திசாலித்தனம். இரவுத் தங்கலுக்கு அனுமதிச்சீட்டு தரும் 'பேக்கன்ட்ரி' அலுவலகத்தின் வாகன நிறுத்தம் பிரைட் ஏஞ்சலிலிருந்து நடக்கும் தூரம்தான். அதிகாலை 'ஹைக்கர்ஸ் எக்ஸ்பிரஸ்' பஸ்ஸும் அங்கே நின்று போகும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முதல் பஸ் விடியற்காலை 4 மணிக்கு. அதைத் தவறவிட்டால் இழப்பு தூக்கம் மட்டுமல்ல. கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை நடக்கவே வேண்டாம் என்கிறது பூங்கா நிர்வாகம். கீழே வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்.

ஹெர்மிட் பாதைக்கு மட்டும் ஒரு சலுகை. மார்ச் முதல் நவம்பர் வரை அந்தச் சாலை சொந்தக் கார்களுக்கு மூடப்பட்டிருக்கும். ஆனால், அங்கே இரவு தங்க அனுமதி வாங்கியவர்களுக்கு கேட்டைத் திறக்கும் ரகசிய எண் கிடைக்கும்.

டிக்கியில் ஒரு கேன் தண்ணீரும் மாற்றுச் செருப்பும் வைத்துவிட்டு இறங்குங்கள். கார் சாவி, பையின் உள்ளறையில் ஜிப் போட்டு இருக்கட்டும்.