தறிமரத்தில் போல்ட்டுத் தலை மறைய

திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டி நெசவாளர் அறிவர்: தறிச் சட்டத்தில் துருத்தும் போல்ட்டுத் தலையில் இழை மாட்டினால் அறும், வேலை நிற்கும். தலை மரத்துள் அமிழ அகலக் குழியும், அதன் நடுவே ஊடுதுளையும் வேண்டும். கையால் துளைப்போர் குழியையே முதலில் இடுக. சிறுதுளை முந்தினால் பெரிய அலகின் முனைக்குப் பிடிப்பிராது.

கணினிவழி இயங்கும் சிறு செதுக்கு இயந்திரத்தில் இவ்விடர் இல்லை. 6 மில்லிமீட்டர் அலகொன்றே சுற்றிச் சுற்றி இறங்கி இரண்டையும் வெட்டும். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குக் குழி 20 மில்லிமீட்டர் அகலமும் 8 மில்லிமீட்டர் ஆழமும் இருந்தால் வாஷரும் அடங்கும். பாக்ஸ் ஸ்பானரும் நுழையும். ஊடுதுளை 9 மில்லிமீட்டர். அலகு எட்டாத ஆழத்தைக் கைத்துளைப்பானால் முடிக்கலாம். இரு வெட்டும் முடியும்வரை மரத்தை அசைக்கலாகாது.

ஒருவர் வாங்க அரிய கருவியைச் சங்கம் வாங்கிப் பலர் தறிக்கும் உதவுவதன்றோ கூட்டுறவு!