முதலில் உறை, பிறகு மீன்: நான்கடி மீன் தொட்டி எப்படி இயங்குகிறது?

மீன் வளர்க்க ஆசைப்படும் பலர் முதலில் வாங்குவது உருண்டையான சின்னக் கண்ணாடிக் கிண்ணம். அதில் பழகிக்கொண்டு பிறகு பெரிதாகப் போகலாம் என்று நினைப்பார்கள். ஆனால் முதன்முதலாக வளர்ப்பவருக்குப் பெரிய தொட்டிதான் சுலபம். ஒரு கிண்ணம் ரசத்தில் அரைக் கரண்டி உப்பு கூடிவிட்டால் வாயில் வைக்க முடியாது. அதே அரைக் கரண்டி கல்யாண வீட்டு அண்டாவில் விழுந்தால் யாருக்கும் தெரியாது. தொட்டியிலும் அப்படித்தான். தீனி கொஞ்சம் அதிகமாக விழுந்தாலோ, ஒரு மீன் செத்துச் செடிக்குப் பின்னால் கிடந்தாலோ, கிண்ணத்துத் தண்ணீர் விறுவிறுவென்று கெட்டுவிடும். பெரிய தொட்டியில் அதைக் கவனித்துச் சரிசெய்ய அவகாசம் இருக்கும்.

ஆகவே நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்ற அளவை எடுத்துக்கொள்வோம். வண்ண மீன் கடைகளுக்குப் பேர்போன சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் இந்த அளவைச் சொல்லியே செய்து வாங்கலாம். இனி ஒவ்வொரு பாகமாகப் போவோம்.

1. மேடை

முதலில் எடை. மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் இந்தத் தொட்டி சுமார் 216 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 10 மி.மீ. கண்ணாடி மட்டும் 50 கிலோ வரும். அடியில் பரப்பும் கூழாங்கல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டிவிடும். ஐந்து பெரியவர்கள் இரவும் பகலும் ஒரே இடத்தில் நகராமல் நிற்பதற்குச் சமம்.

நம் நாட்டுக் கட்டடத் தரக்குறிப்பு (ஐ.எஸ். 875) வீட்டு அறைத் தளத்துக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று பாரம் கணக்கிடுகிறது. தொட்டியின் அடிப்பரப்போ அரைச் சதுர மீட்டர்தான். எனவே மாடி வீடாக இருந்தால் ஹாலின் நடுவில் வைக்காதீர்கள். பீம் ஓடும் சுவரை ஒட்டி, சுவரின் நீளவாக்கில் வையுங்கள். பழைய வீடு என்றாலோ, தொட்டி இதைவிடப் பெரிது என்றாலோ, கட்டட இன்ஜினீயர் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.

அடுத்து மட்டம். அடுப்பு சாய்ந்திருந்தால் தோசைக்கல்லில் ஊற்றிய எண்ணெய் ஒரு ஓரமாக ஓடித் தேங்கும். தோசைக்கு அதனால் பெரிய கேடில்லை. தொட்டி சாய்ந்திருந்தால் பாரம் ஒரு மூலைக்குப் போய், அங்கே ஒட்டு விடும் அல்லது கண்ணாடி விரியும். ஆகவே கொத்தனாரின் ரசமட்டத்தை ஸ்டாண்டின் நீளத்திலும் அகலத்திலும் வைத்துப் பாருங்கள். பிறகு அரை அங்குலத் தெர்மோகோல் பலகை ஒன்றை விரித்து அதன்மேல் தொட்டியை வையுங்கள். மேடையில் இருக்கும் சின்ன மேடுபள்ளத்தைத் தெர்மோகோல் வாங்கிக்கொள்ளும்.

2. கண்ணாடி

தண்ணீர் டிரம்மின் அடியில் இருக்கும் குழாயைத் திறந்தால் பீய்ச்சி அடிக்கும். டிரம் காலியாகக் காலியாக வேகம் குறையும். மேலே நிற்கும் தண்ணீரின் உயரம்தான் அந்த வேகத்தைத் தருகிறது. தொட்டியின் கண்ணாடி மீதும் இதே அழுத்தம்தான். நம் தொட்டியில் தண்ணீர் 40 செ.மீ. நிற்கும்போது முன்பக்கக் கண்ணாடியைச் சுமார் 95 கிலோ வெளியே தள்ளுகிறது. உயரத்தை இரண்டு மடங்காக்கினால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால் பெரிய தொட்டி வேண்டும் என்றால் நீளத்தையும் அகலத்தையும் கூட்டுங்கள், உயரத்தைக் கூட்டாதீர்கள்.

கண்ணாடிகளைப் பிடித்திருப்பது சிலிகான் பசை. அது காயும்போது வினிகர் நெடி வரும். அசெட்டிக் அமிலம் வெளியேறும் வாசனை அது. அந்த நெடி முழுக்கப் போகும்வரை தண்ணீர் ஊற்றக் கூடாது. குளியலறைக்கென்று பூஞ்சைக்கொல்லி கலந்து விற்கும் சிலிகான் மீனுக்கு நஞ்சு. அதைத் தொடவே வேண்டாம். நெடி போன பிறகு வெறும் தண்ணீர் நிரப்பி, ஓரங்களில் பழைய செய்தித்தாளை வைத்து, இரண்டு நாள் விடுங்கள். எங்காவது ஒரு சொட்டுக் கசிந்தாலும் தாள் காட்டிக்கொடுத்துவிடும்.

3. ஃபில்டர்

மூடிய டப்பா வடிவிலான கேனிஸ்டர் ஃபில்டரைத் திறந்தால் அடுக்குச் சட்டி மாதிரி தட்டுகள் இருக்கும். முதல் தட்டில் முரட்டு ஸ்பாஞ்சு, அடுத்து மெல்லிய பஞ்சு. இவை டீ வடிகட்டி செய்யும் வேலையைச் செய்கின்றன: கண்ணுக்குத் தெரியும் குப்பையைப் பிடித்து நிறுத்துகின்றன. கடைசித் தட்டில் விரல்கணு அளவு வெள்ளை வளையங்கள் குவிந்திருக்கும். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுண்ணாம்புக் கட்டி போலச் சொரசொரப்பாக, இட்லியைப் பிட்டால் தெரிவது போல உள்ளெங்கும் துளையாக இருக்கும். தொட்டியின் உயிர் இந்த வளையங்களில்தான் இருக்கிறது.

ஃபில்டர் வாங்கும்போது, தொட்டித் தண்ணீரை மணிக்கு நான்கைந்து முறை சுற்றிவிடும் திறன் இருக்கிறதா என்று பாருங்கள். நமக்கு மணிக்கு 1,000 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருந்தால் போதும்.

4. உறை

இங்கேதான் பொறுமை வேண்டும். மீன் செவுள் வழியாகவும் கழிவிலும் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியாதான் வரும். அது செவுளை அரிக்கும். நம் ஊர்ச் சூடும் போர் தண்ணீரின் காரத்தன்மையும் சேர்ந்தால் அதன் நஞ்சு இன்னும் ஏறும்.

அதை வடிகட்டியால் பிடிக்க முடியாது, ஏனென்றால் அது தண்ணீரில் கரைந்திருக்கிறது. பாலைத் தயிராக்க என்ன செய்கிறோம்? கொஞ்சம் உறைமோர் விட்டு மூடி வைக்கிறோம். மீதி வேலை பாக்டீரியாவுடையது. தொட்டியிலும் அதே முறைதான், ஆனால் இரண்டு கட்டம். ஃபில்டர் வளையங்களில் குடியேறும் முதல் கூட்டத்துப் பாக்டீரியா அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான், மீனின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் செய்யும். பிறகு இரண்டாவது கூட்டம் வந்து நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் பெரிய கேடு செய்யாது. செடிக்கு அது உரம். மிச்சத்தை வாரந்தோறும் தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம்.

தயிர் ஓர் இரவில் உறைந்துவிடும். இந்தப் பாக்டீரியாவோ மிக மெதுவாகப் பெருகும். ஒன்று இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதனால் தொட்டி உறைய நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை மீன் விடாமல், ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போடுங்கள். அது அழுகி வரும் அம்மோனியாதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. சோதனைக் கிட் ஒன்று வாங்கி வாரம் இரண்டு முறை பாருங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யத்தில் நின்று நைட்ரேட் மட்டும் தெரிந்தால், தொட்டி உறைந்துவிட்டது.

சீக்கிரம் உறைய வேண்டுமா? பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவது போல, நோயில்லாமல் நன்றாக ஓடும் தொட்டி வைத்திருப்பவரிடம் ஃபில்டர் ஸ்பாஞ்சு ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள். வாரக் கணக்கில் நேரம் மிச்சமாகும்.

5. காற்றும் கரண்டும்

இந்தப் பாக்டீரியாவுக்கும் மூச்சு வேண்டும். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடிக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சென்னைக் கோடையில் ஹீட்டருக்கு வேலை இல்லை, ஏர் பம்புக்குத்தான் வேலை. கரண்டு போய்ப் பல மணி நேரம் ஃபில்டர் நின்றால், மூடிய டப்பாவுக்குள் பாக்டீரியா மூச்சுமுட்டிச் சாகும். எனவே ஏர் பம்பையும் ஃபில்டரையும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். வயர் பிளக்குக்குப் போகுமுன் பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கி ஒரு வளைவு போடட்டும். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

6. தண்ணீரும் கழுவுதலும்

குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் போடுகிறார்கள். அது நம் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும். ஆகவே கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியை அளவோடு கலந்த பிறகே தண்ணீரை ஊற்றுங்கள்.

வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர், அதாவது நான்கு வாளி, மாற்றினால் போதும். நல்ல பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதில்லை. வளையத்திலும் கல்லிலும் ஒட்டியே வாழ்கிறது. எனவே தண்ணீரை மாற்றினால் உறை போகாது. ஆனால் ஸ்பாஞ்சையும் வளையங்களையும் குழாயடியில் பளபளவென்று கழுவினால், தயிர்ச் சட்டியைச் சுத்தமாகத் தேய்த்துவிட்டு மறுநாள் உறைமோர் தேடுகிற கதைதான். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசிப் பிழியுங்கள்.

7. கடைசியாக மீன்

இப்போது மீன் வாங்கலாம். போர் தண்ணீர் கடினமாக இருந்தால் மோலியும் கப்பியும் அதை விரும்பும். நம் நாட்டு ஓடைகளின் ஜீப்ரா டேனியோ கூட்டமாக ஓடித் திரியும், ஐந்தாறாக விடுங்கள். கேரளத்து மலை ஆறுகளைச் சேர்ந்த மிஸ் கேரளா அழகுதான், ஆனால் இயற்கையில் அருகிவரும் இனம். பண்ணையில் பொரித்ததா என்று கேட்டு வாங்குங்கள். அரோவானா குட்டி பார்க்க ஆசையாக இருக்கும். அது மூன்றடி வரை வளரும், ஒன்றரை அடி அகலத்தில் திரும்பக்கூட முடியாது. வேண்டாம்.

மீன்களை ஒரே நாளில் கொட்டாதீர்கள். ஐந்தாறு விட்டு, இரண்டு வாரம் கழித்து அடுத்த ஐந்தாறு. கூடுகிற கழிவுக்கு ஏற்றபடி பாக்டீரியாவும் பெருக வேண்டும்.

பிறகு தினமும் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு தீனி, வாரம் நான்கு வாளித் தண்ணீர், மாதம் ஒருமுறை ஸ்பாஞ்சு அலசல். இவ்வளவுதான் வேலை. ஆறு மாதம் தொட்டி நன்றாக ஓடிவிட்டால் உங்கள் ஸ்பாஞ்சும் நல்ல உறைமோர் ஆகிவிடும். தெருவில் யாராவது புதிதாகத் தொட்டி வைத்தால் ஒரு துண்டு வெட்டிக் கொடுங்கள்.