மலையகத்தின் வாக்கு – 9: எண்ணப்பட்டார்கள், ஆனால் வாக்கில்லை

சென்ற வாரம், 1936இல் அட்டன் தொகுதியில் கோ. நடேசய்யர் வென்று அரசாங்க சபைக்குப் போன கதையோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் பேராதனைச் சந்தியிலிருந்து தொடங்குவோம். கொழும்பிலிருந்து வரும் ரயில் பாதை அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கண்டிக்குப் போகும். மற்றது கம்பளை, நாவலப்பிட்டி என்று மலையேறிப் பதுளை வரை போகும். 1947இல் தோட்டத்து மக்களின் வாக்குகளால் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானவர்களின் தொகுதிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது பாதையை ஒட்டியவை.

அந்தத் தேர்தல் ஒரே நாளில் முடிந்துவிடவில்லை. ஓகஸ்ட் 23 முதல் செப்டெம்பர் 20 வரை, தொகுதி தொகுதியாக நடந்தது. இலங்கை இந்திய காங்கிரஸ் அப்போது எட்டு வயதுக் கட்சி. 1939இல் நேரு கொழும்புக்கு வந்தபோது உருவானது. அதன் சார்பில் ஏழு பேர் வென்றார்கள். நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, பதுளையில் எஸ். எம். சுப்பையா, அலுத்நுவரவில் டி. இராமானுஜம்.

ஏழாமவர் நாவலப்பிட்டியில் வென்ற கே. ராஜலிங்கம். மலையகத்துக்கு வெளியே இன்று அவரை அறிந்தவர்கள் மிகக் குறைவு. அது எனக்கு வருத்தம் தருகிறது. காந்திய வழியில் நின்றவர். தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று புசல்லாவையில் சரஸ்வதி வித்தியாலயத்தைத் தோற்றுவித்தவர். லயத்தில் வாழ்ந்தவர்கள், தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டிய ஒருவரைத் தங்கள் வாக்கால் சபைக்கு அனுப்பினார்கள்.

வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்களுக்கும் தோட்டத்து வாக்குகள் கைகொடுத்தன. தேர்ந்தெடுக்கப்படும் 95 ஆசனங்களில் டி. எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 42தான். அடுத்து நடந்ததை இந்தக் கணக்கை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. சட்டத்தின் வாசகத்தில் எந்த இனத்தின் பெயரும் கிடையாது. ஆனால் அத்தாட்சியைக் கொண்டுவா என்று கேட்கப்பட்டவர்கள் தோட்டத்து மக்கள்தான். தாத்தா எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டில் பிறந்தார் என்பதற்குக் கொழுந்து பறிக்கும் பெண் எந்தக் காகிதத்தைக் காட்டுவாள்? மறு ஆண்டு வந்த 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜைகள் அல்லாதவர்களின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது.

இதில் என்னை இன்றுவரை கொதிக்கவைக்கும் விடயம் ஒன்று உண்டு. 1946இல் தொகுதிகளைப் பிரித்தபோது, ஒவ்வொரு மாகாணத்துக்கும் 75,000 பேருக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைலுக்கு இன்னோர் ஆசனம் என்று கணக்கிட்டார்கள். அந்த 75,000 என்பது வாக்காளர் தொகையல்ல, சனத்தொகை. மத்திய மாகாணத்துக்கு அத்தனை ஆசனங்கள் கிடைக்கத் தோட்டத்து மக்களின் தலைகளும் எண்ணப்பட்டன. வாக்கைப் பறித்த பின்னரும் ஆசனங்களை யாரும் குறைக்கவில்லை. 1952 தேர்தலில் அதே நாவலப்பிட்டியிலும் அதே தலவாக்கலையிலும் மிகச் சிறிய இடாப்பை வைத்துக்கொண்டு உறுப்பினர்கள் தெரிவானார்கள். தோட்டத்து மக்களின் பிரதிநிதி என்று ஒருவரும் சபைக்குப் போகவில்லை. வேட்பாளர்கள் தோற்றார்கள் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு வாக்களிக்கவேண்டியவர்கள் இடாப்பிலேயே இல்லை.

இது பழங்கதை, இப்போது ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 58 உறுப்பினர்களைக் கொண்ட மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பர் 21இல். 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள். புதிய முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஒருவர்கூட அதை ஆதரிக்கவில்லை. அதைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். அந்த ஒக்டோபரில் மாகாண சபையின் காலமும் முடிந்தது. அதன்பின் தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே வந்திருக்கிறது. இந்தமுறை இடாப்பில் பெயர் இருக்கிறது. ஆனால் எல்லைக்கோட்டில் சிக்கித் தேர்தல் நின்றுவிட்டது. மாகாணப் பாடசாலைக்கு ஆசிரியர் இல்லை என்று முறையிடுவதற்குத் தோட்டத்துப் பெற்றோருக்குத் தெரிவான மாகாண உறுப்பினர் இல்லை.

மீண்டும் பழைய கதைக்கு வருவோம். தொண்டமான் 1960இலும் 1965இலும் நாடாளுமன்றத்துக்குப் போனது நியமன உறுப்பினராகத்தான். மக்களின் வாக்கால் அவர் மீண்டும் வென்றது 1977இல், நுவரெலியா–மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் மூன்றாமவராக. இடையில் ஓடிப்போனவை முப்பது ஆண்டுகள். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் 2003 வரை காத்திருந்தது.

பெயர் நீக்கப்பட்டதை எல்லோரும் வாய்மூடி ஏற்றுக்கொண்டுவிடவில்லை. றுவன்வெல்லைத் தொகுதியில் கொடக்கன்பிள்ளை என்பவர் தன் பெயரை இடாப்பில் சேர்க்கும்படி தொடுத்த வழக்கு, உயர் நீதிமன்றத்தைத் தாண்டி லண்டன் கோமறைக் கழகம் வரை போய், 1953இல் தள்ளுபடியானது. அந்த வழக்கில் இரு தரப்பும் என்ன வாதாடின என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)